குளக்கட்டில் மூன்று மொனோகுலர்கள்

வட இலங்கையில், வன்னியின் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் பின்னேரம் ஆறு மணிக்கு நின்றால் அக்கரை அலைகரையில் கறுப்பாகச் சில திட்டுகள் தெரியும். எருமையா, யானையா, வெறும் பற்றையா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மூன்று மொனோகுலர்கள், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சின்னத் தொலைநோக்கிகள், சேர்ந்துபோனதற்கு அந்தத் திட்டுகள்தான் காரணம். ஒன்று காசு சேர்த்து வாங்கிய 8×42. ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த மாமா தந்த 10×25. மூன்றாவது, இணையத்தில் ஏமாந்து வாங்கிய ‘40×60’.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் ஆறுதலாக இருந்து மணிக்கணக்கில் பறவை பார்க்கிறவருக்கு மொனோகுலர் வேண்டாம், பைனாகுலர்தான் சரி. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது கண் களைக்காது, படமும் தெளிவாகத் தோன்றும். மொனோகுலர் என்பது அதில் பாதி, ஒரு கண்ணுக்குரியது. ஆனால் மோட்டார்சைக்கிளில் போகும்போது சட்டைப் பையிலோ கழுத்திலோ கிடக்க வேண்டும், வயலுக்குப் போகும் வழியில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு. 8×42 பைனாகுலர் ஒன்று 650, 700 கிறாம் வரும். அதே அளவு மொனோகுலர் ஏறக்குறைய அதில் பாதி. 10×25 இன்னும் சின்னது, கைக்குள் மறைந்துவிடும்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் தடுமாறுவது. முன்னால் உள்ளது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. பின்னால் உள்ளது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். மொனோகுலரைக் கைநீட்டத்துக்குப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கினால், கண் வைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும். வகுத்து வந்த எண் அந்த வட்டத்தின் அளவு.

நல்ல வெயிலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கிவிடும். அப்போது 2.5 போதும், 5.25 இருந்தாலும் மிச்சம் வீண்தான். பொழுது சாய்ந்ததும் கண்மணி விரியும். இளம் வயதில் ஏழு வரை போகும், வயது ஏற ஏறக் குறையும். அந்த நேரத்தில் 2.5 மில்லிமீற்றர் வட்டத்தால் பார்ப்பது, கதவை அரைவாசி சாத்திவிட்டு முற்றத்தைப் பார்ப்பது மாதிரி. வன்னியில் மிருகங்கள் வெளியே வருவது விடியலிலும் பொழுதுபடும்போதும்தானே. நடுப்பகலில் காட்டு ஓரத்தில் நின்றால் மயிலும் மந்தியும் மிஞ்சும்.

தை மாதத்து ஒரு பின்னேரம் மூன்றையும் கொண்டு குளக்கட்டில் ஏறினோம், நானும் சித்தியின் மகனும். ஐந்தரைக்கு மூன்றிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையைச் சொன்னால் 10×25இல் நீர்க்காகம் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. ஆறு தாண்டியதும் ஆட்டம் மாறியது. அக்கரைத் திட்டுகளில் ஒன்று அசைந்தது. 10×25இல் ஒரு கரிய உருவம், அவ்வளவுதான். 8×42ஐ எடுத்தேன். காது விசிறுவது தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. அடுத்த பத்து நிமிடத்தில் 10×25ஐப் பையில் போட்டுவிட்டேன். 8×42இல் ஆறரை வரை பார்க்க முடிந்தது.

அந்த நேரத்தில் தண்ணீரோரம் ஒரு கட்டை கிடந்தது. தம்பி அதன்மேல் கொக்கு இருக்கிறது என்றான். குளக்கட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் சொன்னார்: “அது கட்டையில்லைத் தம்பி. கொஞ்சம் பொறும், அது தாழும்.” தாழ்ந்தது. நாற்பது வருடம் அந்தக் குளத்தில் வலை போட்ட கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் ஈடில்லை, சரி. ஆனால் தாழ்வதற்கு முன் 8×42இல் முதலையின் முதுகுச் செதில் வரிசை வரிசையாகத் தெரிந்ததை நான் விடமாட்டேன்.

இனி அந்த 40×60. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். “இதிலதான் அண்ணா யானை கிட்ட வரும்” என்று தம்பி ஆசையோடு கண்ணில் வைத்தான். யானை 8×42இல் தெரிந்ததைவிட ஒரு சுற்றுத்தான் பெரிது. நாற்பது மடங்கென்றால் எட்டைவிட ஐந்து மடங்கு பெரிதாக அல்லவா தெரிய வேண்டும்? வீட்டுக்கு வந்து பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். முன்கண்ணாடி 60 அல்ல, 40 மில்லிமீற்றர். சுற்றியிருந்த றப்பரையும் சேர்த்துத்தான் அறுபது வந்தது! பின்பக்கத்து வெள்ளை வட்டம் 4. நாற்பதை நான்கால் வகுத்தால் பத்து. ஆக அது ஒரு சாதாரண 10×40. பெயர் மட்டும் பெரிது. வட்டத்தின் ஓரங்கள் உருண்டையாக இல்லாமல் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தன. உள்ளே ஒளியைத் திருப்பும் அரியம் (பிறிசம்) மலிவான பிகே-7 கண்ணாடி என்பதற்கு அது அடையாளம். நல்ல பாக்-4 கண்ணாடி அரியத்தில் வட்டம் ஒழுங்காக இருக்கும். வெள்ளைக் கொக்கைப் பார்த்தால் சுற்றிவர ஊதாக் கரை. படத்தின் நடுவில் மட்டும்தான் தெளிவு.

உண்மையிலேயே நாற்பது மடங்கு என்றாலும் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருக்கும். நாற்பது என்றால் முக்காலி இல்லாமல் வானமும் தண்ணீரும் மாறி மாறி ஓடும். 8-24 என்று சூம் வைத்து வருபவையும் ஏறக்குறைய இதே கதைதான். கூட்டக் கூட்டப் படம் இருளும், பார்க்கும் பரப்பும் ஒடுங்கும். கடைசியில் எட்டிலேயே வைத்துப் பாவிப்பீர்கள். கடைக்குப் போகும்போது அடிமட்டம் ஒன்றைக் கொண்டுபோங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எட்டா பத்தா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு இடம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும் வீதியில் இரண்டு பக்கமும் மரம். இருவாச்சி ஒன்று சிறகடிக்கும் சத்தம் கேட்டு நிறுத்தினால், அது கிளைக்குள் மறைய முன் சில நொடிகள்தான் கிடைக்கும். எட்டு மடங்குக் கண்ணாடியில் 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 13 மீற்றர் அகலம் பிடிபடும். என் 10×25இல் ஒன்பது, பத்து மீற்றர்தான். அந்த மூன்று மீற்றரில்தான் இருவாச்சி இருக்கும், எப்போதும். பத்தில் நான் பார்த்ததெல்லாம் இலை. வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்குக் கரடி வரும் காலத்திலும் அப்படித்தான். நிழலும் வெயிலும் கலந்த மரத்தில் கரிய உருவத்தைத் தேட அகலமும் வெளிச்சமும் வேண்டும், பருமன் பிறகு.

வங்காலை வேறு. மன்னார்ப் பாலத்துக்குப் போகும் வழியில் வீதியின் இரு பக்கமும் சேறும் உப்புநீரும் வெட்டவெளியும். 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சரணாலயம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வடக்கேயிருந்து வரும் பறவைகள் அங்கே இறங்கும்: ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கில், சில வருடம் பூநாரைக் கூட்டமும். பறவைகள் தூரத்தில், மறைப்பு ஒன்றுமில்லை, தேடும் வேலையும் இல்லை. அங்கே நண்பர் ஒருவரின் 10×42ஐ வாங்கிப் பார்த்தேன். தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பூநாரையின் வளைந்த அலகில் கறுப்பு நுனி எனக்கு எட்டில் ஊகம், அவருக்குப் பத்தில் தெளிவு. ஆனால் காலை பத்து மணிக்குள்தான். அதற்குப் பிறகு உப்புத்தரையிலிருந்து கானல் எழும்பி, எட்டிலும் பத்திலும் பூநாரைகள் தண்ணீருக்குள் கரைந்தன. காற்றும் சேர்ந்தால் 10×42காரர் காருக்குள் ஏறி, கதவுக் கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் முட்டுக்கொடுத்துத்தான் பார்ப்பார். கார் உள்ளவருக்கு அது வசதி.

அதனால் வங்காலை, சுண்டிக்குளம், கொக்கிளாய் என்று களப்போரமாகத் திரிகிறவர் 10×42 வாங்கட்டும். காட்டோரமும் குளக்கட்டுமாக இருக்கிற எனக்கு 8×42. பத்திரமாகப் பையில் கிடந்து, கைவசம் இருப்பதே பெரிய காரியம் என்பவருக்கு 8×25 அல்லது 10×25. பகல் வெளிச்சத்தில் அதில் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

வாங்கியதைப் பிடிக்கிற விதத்திலும் பாதி விஷயம் இருக்கிறது. ஒற்றைக் கையால் பிடிக்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். பிடிக்கலாம், ஆனால் ஆடும். ஒரு கை குழலில், மற்றக் கை அதன்மேல், இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டி இருக்க வேண்டும். மருத மரத்தில் தோளைச் சாய்த்தால் இன்னும் நல்லது. பறவையைக் கண்ணால் பிடித்து, கண்ணை எடுக்காமல் குழலைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குழலை வைத்துவிட்டுப் பறவையைத் தேடினால் கிடைக்காது. மற்றக் கண்ணை இறுக்கி மூடினால் ஐந்து நிமிடத்தில் தலையிடிக்கும். திறந்தே வைத்திருக்கப் பழகிக்கொள்ளலாம், இரண்டு மூன்று நாள் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் றப்பரைக் கீழே இறக்கிவிட வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையில் 15 மில்லிமீற்றராவது இடம் கொடுக்கும் கண்ணாடியாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் படம் சாவித்துவாரமாகிவிடும். சூரியன் இறங்கும் பக்கம் பார்க்கும்போது மட்டும் கவனம். ஒரு நொடி சூரியன் உள்ளே வந்தால் கண் போய்விடும், இது மிகைப்பேச்சு அல்ல.

தூசிதான் எங்கள் ஊரில் பெரிய எதிரி. கிறவல் வீதியில் பஸ் ஒன்று முந்திப் போனால் வில்லையில் செம்மண் படியும். அதைச் சாறத் தலைப்பால் துடைத்தால் மண்துகள் வில்லையைக் கீறிவிடும். என் 10×25இல் அந்தக் கீறல்கள் இருக்கின்றன, நானே செய்தவை. முதலில் ஊத வேண்டும், பிறகு மெல்லிய தூரிகை, கடைசியாகத்தான் துணி. மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வைக்கலாம். நைதரசன் நிரப்பி அடைத்தவை உள்ளே மூடுபனி கட்டாது. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்க வேண்டும். நான் சோதித்துப் பார்க்கவில்லை, மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், வன்னிக்கென்றே. யானையைத் தூரத்திலிருந்து பார்க்கத்தான் இந்தக் கண்ணாடி, கண்ணாடியில் கண்டதும் கிட்டப் போக அல்ல. தனியன் என்றால் வண்டியைத் திருப்பி, இயந்திரத்தை நிறுத்தாமல் வைத்துக்கொண்டு பாருங்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்தில் பாதையை விட்டு ஒரு அடிகூட வைக்காதீர்கள், அங்கே சருகுமானே தெரிந்தாலும் சரி. இராணுவ முகாம் பக்கம் குழலைத் திருப்பவும் வேண்டாம். போர்க்காலத்தில் இப்படியொரு கண்ணாடி கையில் இருந்தாலே ஆயிரம் கேள்வி வந்திருக்கும். வயதானவர்கள் இன்னும் அதைக் கண்டதும் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள்.

அந்த 40×60ஐ எறிய மனம் வரவில்லை. இப்போது அது வயலில் காவல் கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. அப்பா காலையில் தேத்தண்ணியோடு அதை எடுத்து, யாருடைய மாடு யாருடைய வயலுக்குள் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். ஊதாக் கரை பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.