மாதம் ₹1,000 திட்டமா, முதல் பட்டதாரி சலுகையா?

பிளஸ் டூ முடித்த வீட்டில் இப்போது ஓடும் கேள்வி இது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்). இரண்டிலும் தமிழக அரசு மாதம் ₹1,000 தரும். முதல் பட்டதாரி சலுகை என்பது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கல்விக் கட்டணச் சலுகை.

எங்கே படித்தவர்?
ஆயிரம் ரூபாய்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி.
முதல் பட்டதாரி: பள்ளி எதுவானாலும் சரி. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது.

எந்தப் படிப்பு?
ஆயிரம் ரூபாய்: பி.ஏ. முதல் பி.இ. வரை. அஞ்சல்வழிக்குக் கிடையாது.
முதல் பட்டதாரி: கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்பு மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சலுகை போச்சு.

எங்கே சிக்கும்?
ஆயிரம் ரூபாய்: பணம் ஆதாரைக் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு 'வரவில்லை' என்பவர்களும் உண்டு.
முதல் பட்டதாரி: இ-சேவையில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே சலுகை வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை.

பி.காம். சேர்பவருக்கு ஆயிரம் ரூபாய் திட்டம்தான். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவர், முதல் பட்டதாரியாகவும் இருந்தால், இரண்டில் எதையும் விட வேண்டியதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் ஆயிரம் ரூபாய் உண்டு.