சோனார்க்யூப், கோட்க்யூஎல், செம்கிரெப்: எந்தக் காவலாளி எந்த வாசலுக்கு?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், பல ஆண்டுகள் பழைய ஜாவா திட்டம் ஒன்றின்மீது முதன்முறையாக நிரல் பரிசோதனைக் கருவியை, அதாவது நிரலை இயக்காமலே படித்துக் குறை தேடும் கருவியை, ஓடவிட்டோம். எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. எதிலிருந்து தொடங்குவது என்று யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது வாரம் அந்த அறிக்கையைத் திறந்து பார்க்க ஆளில்லை. அன்றிலிருந்து எந்தக் கருவியை எடைபோட்டாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: இன்று எழுதிய வரியில் உள்ள பிழையை, எழுதியவரிடமே, இன்றே காட்டுமா?

அப்படி நான் எடைபோட்ட மூன்று கருவிகளில், இந்தச் சிக்கலை நன்றாகப் புரிந்துகொண்டது சோனார்க்யூப். பழைய நிரலையும் புதிய நிரலையும் பிரித்துப் பார்க்கிறது. புதியதற்கு மட்டும் ‘குவாலிட்டி கேட்’ என்ற தரத் தடுப்பு ஒன்றை வைக்கிறது. அதன் இயல்பான அளவுகோல்படி, புதிய நிரலில் குறைந்தது 80 சதவீதத்துக்குத் தானியங்கிச் சோதனைகள் இருக்க வேண்டும், நகலெடுத்து ஒட்டிய வரிகள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய குறைகள் என்ற கடனை அப்படியே வைத்துவிட்டு, புதுக் கடன் வாங்காமல் இருக்கும் வழி இது. ஆனால் புது நிரலைச் சேர்க்கும்முன் ஒப்புதல் கேட்கும் ‘புல் ரிக்வெஸ்ட்’ கட்டத்தை இலவசப் பதிப்பு பார்ப்பதில்லை. நிரல் முதன்மைக் கிளையில் சேர்ந்த பிறகே குறை தெரியவரும். பயனர் தரும் உள்ளீடு எந்தெந்த வழியாக ஓடித் தரவுத்தள வினவலில் போய்ச் சேர்கிறது என்று தடம் பிடிக்கும் ஆய்வும் கட்டணப் பதிப்புகளில்தான் இருக்கிறது. சொந்த சர்வர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், உள்ளே ஓடும் எலாஸ்டிக்சர்ச் தேடுபொறி ஆகியவற்றைப் பராமரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஆகவே நிரலின் தரத்துக்கு இதை நம்புகிறேன்; பாதுகாப்புக்கு இலவசப் பதிப்பு மட்டும் போதாது.

தடம் பிடிப்பதில் கோட்க்யூஎல்லின் ஆழம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த செம்மில் நிறுவனம் உருவாக்கியது. 2019இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அந்த நிறுவனத்தை வாங்கியது. நிரல் முழுவதையும் ஒரு தரவுத்தளமாக மாற்றி, அதன்மீது வினவல்களை ஓட்டுகிறது. ஒரு கோப்பில் நுழையும் உள்ளீடு, நான்கு செயற்கூறுகளைக் கடந்து, வேறொரு கோப்பில் தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்வதைப் படிப்படியாகக் காட்டும். அந்தப் பாதையைத் திரையில் பார்த்த நிரலாளர் பிறகு வாதாடுவதில்லை, உடனே திருத்துகிறார். கிட்ஹப்பில் உள்ள பொதுத் திட்டம் என்றால் இது இலவசம், சில சொடுக்குகளில் இயங்கத் தொடங்கும். அங்கே இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. மூடிய நிரலுக்குக் கட்டணம் உண்டு. பிஎச்பி மொழிக்கு ஆதரவு இல்லை என்பதால் அந்த மொழியில் எழுதப்பட்ட லாராவெல், வேர்ட்பிரஸ் வேலை செய்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

செம்கிரெப் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் விதிகள். பைத்தானில் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டு இணைய அழைப்பு செய்யும் வழக்கத்தைத் தடுக்க வேண்டுமா? அந்தத் தவறான வரியையே எழுதி, மாறக்கூடிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் விதி தயார். நேற்று கண்ட பிழையை இன்று விதியாக்கினால் நாளை வேறொருவர் அதையே எழுத முடியாது. ஒரு குறிப்பிட்ட கமிட்டுக்கு (பதிவுசெய்த நிரல் மாற்றத்துக்கு) பிறகு வந்த குறைகளை மட்டும் காட்டச் சொல்லலாம். என் முதல் கேள்விக்கு அதுவே விடை. இலவசப் பதிப்பின் பார்வை ஒரு கோப்பைத் தாண்டாது என்பது பெரிய குறைதான். 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் விதிகளின் உரிமத்தை இறுக்கியதும், 2025 ஜனவரியில் சில மென்பொருள் பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து, செம்கிரெப்பின் நிரலை எடுத்து ஓப்பன்கிரெப் என்ற தனிக் கிளையைத் தொடங்கின. சொந்த விதிகளை எழுதிவைத்திருக்கும் அணியை இந்தச் சண்டை அவ்வளவாகத் தொடாது.

மூடிய நிரல், சிறிய அணி, குறைந்த செலவு என்றால் நான் செம்கிரெப்பைத்தான் முதலில் வைப்பேன். அதுவும் இருபது விதிகளுக்கு மேல் போகாமல். அவை நிலைபெற்ற பிறகு சோனார்க்யூப்.

மூன்றும் விட்டுவிடும் இடங்கள் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, தங்கள் நிரலில் ஒரு குறையும் இல்லாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஓட்டை அவர்கள் பயன்படுத்திய, பிறர் எழுதிய லாக்4ஜே நிரல் நூலகத்தில் இருந்தது. அதற்கு, பயன்படுத்தும் நூலகங்களில் உள்ள ஓட்டைகளைச் சொல்லும் டிபெண்டபாட் அல்லது டிரிவி தேவை. கமிட்டில் தவறிப்போய்ச் சேர்ந்த கடவுச்சொல்லுக்கு கிட்லீக்ஸ். அது பழைய வரலாற்றையும் துழாவும். கண்டுபிடித்த பிறகு அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

பரிசோதனையைத் தானாக ஓட்டும் ‘பைப்லைன்’ அமைப்பும் தாக்கப்படுகிறது. 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட திட்டங்கள் பயன்படுத்திய, வேலைகளைத் தானாகச் செய்யும் ஆயத்த நிரல்துண்டான ஒரு கிட்ஹப் ஆக்‌ஷனின் பதிப்புக் குறிச்சொற்களைத் தாக்குநர்கள் தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். ரகசியச் சாவிகள், அந்த ஓட்டத்தின் விவரம் எழுதப்படும் பில்ட் பதிவுகளில் அச்சாயின. அதற்குப் பிறகு எந்த ஆக்‌ஷனையும் பதிப்புப் பெயரால் அழைப்பதில்லை. கமிட்டின் முழு 40 எழுத்து அடையாளத்தை எழுதுகிறேன். பரிசோதனை ஓடும் கட்டத்துக்கு நிரலைப் படிக்கும் அனுமதி தருகிறேன், சர்வர் சாவிகளை அதன் கண்ணில் காட்டுவதில்லை.