கும்பகோணத்துல சளி வைரஸ் பேனல் டெஸ்ட், காசுக்கு வொர்த்தா?

ஐப்பசி அடைமழையில அக்கா பையனுக்கு தொண்டை கட்டி நாய் குரைக்கிற மாதிரி இருமல், டாக்டர் எழுதிக் கொடுத்தாருன்னு கும்பகோணத்துல ஒரு லேபுக்கு (பேர் வேணாம்) போய் ரெஸ்பிரேட்டரி பேனல் (ஒரே சாம்பிள்ல பல சளி வைரஸைத் தேடுற டெஸ்ட்) எடுத்தோம். மூக்குல குச்சி விட்ட லேப் அக்கா செம பொறுமை, பையன் திமிற திமிற "இதோ முடிஞ்சிருச்சுடா தங்கம்"னு பேசிக்கிட்டே எடுத்துட்டாங்க. கவுண்டர்தான் கடுப்பு, சாம்பிள் சென்னைக்குப் போகும், லேட்டாகும்னு காசு கட்டுன அப்புறம்தான் வாயத் திறக்குறாங்க.

ரிப்போர்ட்ல பாராஇன்ஃப்ளூயன்சா டைப் 1. "ஃப்ளூதான் சார்"னு கவுண்டர்ல அடிச்சு விட்டாங்க, ஆனா ரெண்டும் வேற வேற வைரஸ் குடும்பம். ஃப்ளூ ஆர்த்தோமிக்சோ, அதுல ஏ, பி வகைக்கு ஆர்என்ஏ (வைரஸோட மரபுப் பொருள்) 8 துண்டா இருக்கும், ஏ வகையில அந்தத் துண்டுங்க மாறிக் கலந்துதான் 2009ல பன்றிக் காய்ச்சல் கிளம்புச்சு. பாராஇன்ஃப்ளூயன்சா பாராமிக்சோ, துண்டெல்லாம் கிடையாது, ஒரே நீள ஆர்என்ஏ, மொத்தம் 4 டைப், சின்னப் பசங்களுக்கு குரல்வளை வீங்கி வர்ற குரைப்பு இருமலுக்கு டைப் 1தான் பெரும்பாலும் காரணம். ஃப்ளூவுக்குக் கொடுக்குற ஓசெல்டாமிவிர் மருந்து இதுக்கு வேலைக்கே ஆகாது, அதனால டாக்டர் அதை எழுதல.

ஒரு குறை, ரிப்போர்ட்ல ஆர்எஸ்விங்கிற இன்னொரு சளி வைரஸை இன்னும் பாராமிக்சோன்னே அச்சடிச்சிருக்காங்க, அதை 2016லயே நியூமோவிரிடேன்னு தனிக் குடும்பமா பிரிச்சாச்சு. டெம்ப்ளேட்டை மாத்துங்கப்பா.

சாதா சளிக்கு இந்த டெஸ்ட் தண்டச் செலவு, கசாயம் போதும். டாக்டர் சொன்னா எடுங்க. 5க்கு 3.