முதல் வேலை: ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடமா, பேக்கரி மாடியா?

சித்தி மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு ஆஃபர் லெட்டர் அனுப்பினான். ஒன்று, ஊரில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனி, மற்ற நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுப்பது. ஆண்டுக்கு 3.36 லட்சம், வேலை சென்னையில், ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஓ.எம்.ஆர். சாலையில், சேரும் தேதி மட்டும் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’. இன்னொன்று, கோவை சரவணம்பட்டியில் முப்பது பேர் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மாதம் 20,000 ரூபாய், அடுத்த ஒன்றாம் தேதியே வரச் சொல்கிறார்கள். “எதுலண்ணா சேரட்டும்?” என்று கீழே ஒரு வரி. அப்புறம் சித்தி தனியாகக் கூப்பிட்டு, “பெரிய கம்பெனிக்கே போகச் சொல்லு சாமி, நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்” என்றார்.

2016-ல் கல்லூரி முடித்தபோது என் கையிலும் இதே மாதிரி இரண்டு தாள்கள் இருந்தன. நான் சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். ஹாஸ்டலில் என் அறையில் இருந்த நண்பன் பெரிய கம்பெனிக்குப் போனான். ஆகவே இது நடுநிலை அலசல் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் சின்ன கம்பெனி என்றுதான் சொல்வேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன், அதற்கு நானே பட்ட ஒரு பாடு இருக்கிறது.

சம்பளக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 3.36 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 28,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), காப்பீடு, வேலையைப் பார்த்து வந்தால் வரும் வேரியபிள் எல்லாம் போகக் கைக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு நிற்கும். அதில் சோழிங்கநல்லூர் பக்கம் பி.ஜி. விடுதி வாடகை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, மாதம் ஒருமுறை ஊருக்கு டிக்கெட். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறக்கிறவனுக்கு 20,000 ஒன்றும் குறைச்சல் இல்லை. இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெரிய கம்பெனியின் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. பயிற்சி ஒழுங்காக இருக்கும். மெக்கானிக்கல் படித்தவனையும் மூன்று நான்கு மாதத்தில் ஜாவா எழுத வைத்துவிடுவார்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும், பெண் பார்க்கப் போகும்போதும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆஃபர் லெட்டரை வேலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டிவிட்டன. 2022-ல் ஆஃபர் வாங்கியவர்களில் பலர் 2024 வரை அழைப்புக்குக் காத்திருந்தது செய்தித்தாள் வரை வந்தது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் மைசூர் வளாகத்தில் பயிற்சியில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை, மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று அனுப்பியது. 2024-ல் காக்னிசண்ட் மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு அறிவித்த 2.52 லட்சச் சம்பளத்தை இணையமே கிண்டல் செய்தது. பொறியியல் படித்தவர்களுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி விளக்கம் சொன்னது. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் அந்த விளக்கத்தை இரண்டாம் முறை படித்துப் பார்ப்பது நல்லது.

என் நண்பன் சிறுசேரிக்குப் போனான். பயிற்சி முடிந்து, புராஜெக்ட் எதுவும் இல்லாமல் ‘பெஞ்சில்’ நான்கு மாதம். காலையில் ஐ.டி. கார்டைத் தேய்த்து உள்ளே போய், புராஜெக்ட் கேட்டு மெயில் அனுப்பிவிட்டு, ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து, மாலையில் வெளியே வருவது. கடைசியில் கிடைத்தது ஒரு வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் சப்போர்ட் வேலை. டிக்கெட் என்று ஒரு புகார் வரும், எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து அதன்படி செய்து, டிக்கெட்டை மூட வேண்டும். இரண்டு ஆண்டு அதுதான். அவன் சோம்பேறி இல்லை. வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவன். அவனுக்குக் கிடைத்த இருக்கை அப்படி.

எனக்குக் கிடைத்த இருக்கை காந்திபுரம் பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. மாலை நான்கு மணிக்கு முட்டை பப்ஸ் வாசம் மேலே வரும், யாருக்கும் வேலை ஓடாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பதுதான் தொழில். சேர்ந்த இரண்டாம் வாரமே சர்வர் பாஸ்வேர்டைக் கையில் கொடுத்துவிட்டார் முதலாளி. இன்றைக்கு நினைத்தாலும் அது தப்பு என்றுதான் படுகிறது. ஆனால் கற்றது அதனால்தான்.

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முந்தைய ஒரு மாதம் நாங்கள் யாரும் சரியாக வீட்டுக்குப் போகவில்லை. வாட் என்ற பழைய விற்பனை வரி போய், மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசுக்குப் பாதி சி.ஜி.எஸ்.டி.யும் மாநில அரசுக்குப் பாதி எஸ்.ஜி.எஸ்.டி.யும், வெளியே போனால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொரு பில்லின் வயிற்றையும் அறுத்து மாற்ற வேண்டியிருந்தது. ஜூலை முதல் வாரத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஒரு கம்பெனி கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “தம்பி, பில்லு டேலி ஆகமாட்டேங்குது, லாரி வாசல்ல நிக்குது.” உட்கார்ந்து பார்த்தால் ஒரு பைசா வித்தியாசம். 1,234.60 ரூபாய்க்கு 5 சதவீதம் 61.73. அதையே இரண்டரை இரண்டரையாகப் பிரித்தால் 30.865. இரண்டு பக்கமும் 30.87 என்று முழுமையாக்கிக் கூட்டினால் 61.74. மொத்த வரியை ஓரிடத்திலும் பிரித்த வரியை இன்னோரிடத்திலும் கணக்கிட்டு வைத்திருந்தோம். எழுதியது நான்தான். ஒரு பைசாவுக்காக ஒரு லாரி முக்கால் மணி நேரம் நின்றது. ரவுண்டிங் எங்கே செய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். இரண்டில் எது என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அங்கிருந்து எப்படி வெளியே வருவீர்கள்? பைக் வாங்கும்போது மைலேஜை விசாரிக்கிற நாம், விற்கும்போது என்ன விலை போகும் என்றும் கேட்போம் இல்லையா? முதல் வேலைக்கு யாரும் அதைக் கேட்பதில்லை. இந்தத் துறையில் சம்பளம் உண்மையில் ஏறுவது இரண்டாவது வேலையில்தான். உள்ளேயே இருப்பவனுக்கு ஆண்டுக்கு ஏதோ கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். மாறுகிறவனுக்குத்தான் எண்ணே மாறும். அப்படியானால் முதல் வேலையை எடை போட வேண்டியது, இரண்டாவது வேலைக்கு அது எவ்வளவு சுலபமாக விடுகிறது என்பதை வைத்துத்தான்.

இங்கேதான் பெரிய கம்பெனி அடி வாங்குகிறது. 90 நாள் நோட்டீஸ்: விடுகிறேன் என்று சொன்ன பிறகும் அத்தனை நாள் வேலை பார்க்க வேண்டும். என் நண்பனுக்கு 2019-ல் சென்னையிலேயே, சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்கும் ஒரு புராடக்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர்கள் முப்பது நாளில் வரச் சொன்னார்கள், நாற்பத்தைந்து வரை பொறுப்பதாகவும் சொன்னார்கள். இவன் மேனேஜரிடம் போய் நின்றான். மீதி நாளுக்குப் பணம் கட்டிவிடுகிறேன் என்றான். ‘கிளையண்ட் ஒத்துக்கொள்ள மாட்டார், மாற்று ஆள் வரட்டும்’ என்று இழுத்தார்கள். அறுபதாம் நாள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே டிக்கெட்டை மூடப் போனான். ஹெச்.ஆர். ஆட்கள் போனில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று ‘நோட்டீஸ் எத்தனை நாள்?’ என்பது. தொண்ணூறு என்று சொன்னதும் குரல் மாறுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

எனக்கு நோட்டீஸ் 30 நாள். இன்டர்வியூவில் அந்த ஒரு பைசா கதையைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் வெள்ளைப் பலகையைக் காட்டி எழுதிக் காட்டச் சொன்னார், நாற்பது நிமிடம் அதிலேயே போனது. நண்பனுக்குச் சொல்ல இப்படி ஒன்றும் இல்லை. ‘இந்த சிஸ்டத்தில் நீங்கள் எழுதியது எது?’ என்று இன்டர்வியூவில் கேட்டபோது, ஒரு திரையில் லேபிள் மாற்றியதைச் சொன்னதாக அவனே சொல்லிச் சிரித்தான்.

சரி, நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன். சம்பளம் 15,000 என்று பேசி, மாதம் 1,500 பிடித்துக்கொண்டு 13,500 கொடுத்தார்கள். பி.எஃப். போகிறது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவைத்தேன். ஒன்பது மாதம் கழித்து விசாரித்தால் அது பி.எஃப். இல்லை. என்னை ஊழியராகவே காட்டாமல், ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி, பத்து சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டியிருக்கிறார்கள். 20 பேரும் அதற்கு மேலும் இருந்தால் பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். அதனால் ரிஜிஸ்டரில் பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு, எங்கள் ஐந்தாறு பேரைக் கன்சல்டன்ட் ஆக்கி ஓட்டியிருக்கிறார் முதலாளி. பிடித்த வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் திரும்ப வந்துவிட்டது, பணம் நஷ்டமில்லை. நஷ்டம் எங்கே வந்தது என்றால், கம்பெனி மாறும்போது பி.ஜி.வி. என்று பின்னணி சரிபார்ப்பார்களே, அங்கே. யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணைப் போட்டுப் பார்த்தால் என் அனுபவத்தில் ஒன்பது மாதத்தைக் காணவில்லை. வேலையை விட்டதற்குக் கொடுக்க வேண்டிய ரிலீவிங் லெட்டரை முதலாளி இன்றைக்கு, நாளைக்கு என்று ஐந்து வாரம் இழுத்தார். என்னைக் காப்பாற்றியது பேங்க் ஸ்டேட்மென்ட். சம்பளம் மாதாமாதம் கம்பெனிக் கணக்கிலிருந்து வந்திருந்தது. அதையும் கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்த ஒன்பது மாதம் நடக்கவே இல்லை என்று ஆகியிருக்கும்.

ஆக, பெரிய கம்பெனி விடுவதற்கு நாள் கேட்கும், சின்ன கம்பெனி தாள் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும். இதில் தாள் பிரச்சினையைச் சேரும் முன்பே விசாரித்து ஓரளவு தவிர்க்கலாம். பி.எஃப். உண்டா, எந்த மாதத்திலிருந்து, சம்பளம் வங்கியிலா, லெட்டரில் என்ன பதவி என்று கேட்டுவிடலாம். 90 நாளைப் புதிதாகச் சேருகிறவன் கேட்டுக் குறைப்பது கஷ்டம். என் சாய்வுக்கு மொத்தக் காரணமும் இதுதான்.

இத்தனை ஆண்டுக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் செலவு வேறு. பேக்கரி மாடிக்கு அப்படியே பொருந்துமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் தொகையையும் காலத்தையும் படித்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டுச் சேரச் சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சாய்வதில் சில ஓட்டைகளும் உண்டு. ஆன்சைட் என்று கம்பெனி வேலையாக வெளிநாடு போகும் ஆசை இருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். பேக்கரி மாடியிலிருந்து யாரும் அமெரிக்கா போய் நான் பார்த்ததில்லை. அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு தேவைப்படும் வீடு என்றால் கணக்கே வேறு. என் தங்கை இதைப் படித்துவிட்டு, “ராத்திரி பதினோரு மணிக்கு கேப் வருமான்னு எழுதினியாண்ணா?” என்று கேட்டாள். எழுதவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. ஜி.எஸ்.டி. மாதத்தில் எங்களோடு இருந்த இரண்டு பெண்களை அவர்கள் வீட்டிலிருந்து யாராவது வந்துதான் கூட்டிப்போனார்கள். அப்புறம், இப்போது புரோகிராம் எழுதிக் கொடுக்கவே ஏ.ஐ. வந்துவிட்டது. நான் கற்ற மாதிரி தப்பு செய்து கற்க இன்றைய சின்ன கம்பெனி இடம் கொடுக்குமா என்பதில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வார்கள்: ஐம்பதாயிரம் கட்டி இன்ஸ்டிட்யூட்டில் கோர்ஸ், கூடவே இரண்டு ஆண்டு ‘எக்ஸ்பீரியன்ஸ்’ சான்றிதழ். உண்மையாக வேலை செய்த எனக்கே ஒன்பது மாதத்தை நிரூபிக்க நாக்குத் தள்ளியது, இல்லாத இரண்டு ஆண்டை எங்கே போய்க் காட்டுவது? கோர்ஸ் மட்டும் வேண்டுமென்றால் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாகவே என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுக்கலாம்.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான்: சரவணம்பட்டியில் சேர், பெரிய கம்பெனி ஆஃபரை வேண்டாம் என்று சொல்லாதே, அவர்கள் தேதி சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஹெச்.ஆர்.-இடம் பி.எஃப். முதல் மாதத்திலிருந்தே உண்டா என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கு. நேற்றுக் கேட்டிருக்கிறான். “ப்ரொபேஷன் முடியட்டும், பார்க்கலாம்” என்றார்களாம். மெயில் இன்னும் வரவில்லை. சித்தி தினமும் கூப்பிடுகிறார்.