காலடிச் சத்தத்துக்காக 20,000 ரூபாய்: எட்டு மாதம் போட்டு ஆடிய ஹெட்செட்

20,000 ரூபாயை ஒட்டி ஒரு ஹெட்செட்டுக்குக் கொடுப்பது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. பழையதின் கீல் உடைந்த நாளிலிருந்து புதியது கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நண்பர்களிடம் இரவல் வாங்கியும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைத்ததை எல்லாம் தலையில் மாட்டிப் பார்த்தேன். கடைசியில் வாங்கியது ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 ப்ரோ, 2023இல் வந்த மாடல். எட்டு மாதமாக வாரத்தில் ஐந்து இரவு அதைப் போட்டுக்கொண்டுதான் வாலரண்ட் ஆடுகிறேன், அணிக்கு ஐந்து பேராக மோதும் துப்பாக்கிச் சண்டை கேம். என்ன விலை, எத்தனை ஸ்பீக்கர் என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் திரும்பச் சொல்லிப் பயனில்லை. இந்த விலைக்கு உண்மையில் எதற்குப் பணம் போகிறது, எதற்குப் போகக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பழையதைச் சொல்ல வேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டி முழுக்க 7.1 சரவுண்ட் (சுற்றிலும் இருந்து சத்தம் வருவது போலக் காட்டும் வசதி) என்ற விளம்பரம், காதுப்பக்கம் கலர் கலராக விளக்கு. வாங்கி ஒன்றரை வருடத்தில் குஷன் மேல் இருந்த ரெக்சின் உரிய ஆரம்பித்தது. சென்னை வியர்வைக்கு எந்த ரெக்சினும் தாங்காது. ஆடி முடித்துக் கழற்றினால் காதோரத்திலும் கன்னத்திலும் கருப்புத் துகள் ஒட்டியிருக்கும், தலையணை உறையிலும் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் கீல் முறிந்தது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை அலைந்தேன். இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு ஸ்பேர் வராது என்று திருப்பிக் கொடுத்தார்கள். உரிந்ததும் உடைந்ததும்கூடப் பரவாயில்லை. அதைப் போட்டுக்கொண்டு நான் எவ்வளவு கேட்காமல் ஆடியிருக்கிறேன் என்பது வேறொன்றை மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அதுதான் இன்றைக்கும் வருத்தம்.

வாலரண்டில் அசென்ட் என்ற மேப். பி சைட்டில் ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைத்தாயிற்று, நான் ஒருவன், அவர்கள் இரண்டு பேர். ஸ்பைக் வெடிக்க 45 விநாடி, அதை எதிரணி டிஃப்யூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க, 7 விநாடி. நேரம் போகப் போக ஸ்பைக்கின் பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே வரும். பழைய ஹெட்செட்டில் அந்த பீப் மொத்தக் காதையும் அடைத்துவிடும், அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாது. நண்பனிடம் இரவல் வாங்கிய பிளாக்‌ஷார்க்கைப் போட்டு அன்று பி சைட்டுக்குள் போகும் பி மெயின் வழியில் ஒளிந்திருந்தேன். பீப்புக்கு நடுவில் சைட்டின் இன்னொரு வாசலான மார்க்கெட் பக்கத்திலிருந்து இரண்டே இரண்டு காலடிச் சத்தம், உடனே அடங்கிவிட்டது. ஓடி வந்தவன் ஷிஃப்ட் அழுத்திச் சத்தமில்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அடுத்து டிஃப்யூஸ் தொடங்கும் சத்தம், ஆனால் அது மார்க்கெட் பக்கமாக வரவில்லை, இன்னொரு ஆள். முதல் ஆள் மார்க்கெட் வாசலில் எனக்காகக் காத்து நிற்கிறான். எட்டிப் பார்க்கும்போதே வாசலை நோக்கிக் குறி வைத்து எட்டிப் பார்த்தேன், அவன் விழுந்தான், பிறகு டிஃப்யூஸ் செய்தவன். எனக்கு ஏதோ திடீர்த் திறமை வந்துவிடவில்லை. இரண்டு சத்தமும் தனித்தனியாக, தனித்தனி இடத்தில் கேட்டது, அவ்வளவுதான் நடந்தது.

ஹெட்செட் தேடுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 7.1 இருக்கிறதா என்பது. கடைக்காரர்களும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ரிச்சி தெருவில் ஒரு அண்ணன், “தம்பி, ஏழு பக்கமும் கேட்கும், எதிரி பின்னாடி வந்தாலும் சொல்லிடும்” என்றார். அவர் மேல் தப்பில்லை, பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஹெட்செட்டில் காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்தான் உள்ளே இருக்கிறது. சத்தம் எந்தப் பக்கம் என்று நம் மூளை கண்டுபிடிப்பதே இரண்டு காதை வைத்துத்தான். வலப்பக்கச் சத்தம் இடது காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் அளவு தாமதமாகப் போகும், தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் போகும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் வளைவுகள் சத்தத்தை மாற்றுகிற விதத்தை வைத்து மூளை பிரிக்கிறது. இந்தக் கணக்கை கேமே போட்டுக் கொடுப்பதற்குப் பெயர்தான் எச்.ஆர்.டி.எஃப். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 2016இலேயே வந்தது, வாலரண்டில் 2021இல் வந்தது. கேம் ஒருமுறை கணக்குப் போட்ட சத்தத்தின் மேல் ஹெட்செட்டின் 7.1 மறுபடி ஒரு கணக்குப் போட்டால் என்ன ஆகும்? இரண்டும் கலந்து குழம்பும், திசை அழியும். அதனால் கேமில் எச்.ஆர்.டி.எஃப். ஆன், ஸ்பீக்கர் ஸ்டீரியோ, விண்டோஸிலும் ஹெட்செட் மென்பொருளிலும் சரவுண்ட் எல்லாம் ஆஃப். இதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்களிடம் இப்போது இருக்கும் 2,000 ரூபாய் ஹெட்செட்டில் இன்று இரவே செய்து பாருங்கள், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் பெரிய விலைக்குப் போங்கள்.

பேஸ், அதாவது அடித்தொனி அதிர்வு பற்றியும் இதையேதான் சொல்வேன். பாட்டுக்கு நெஞ்சு அதிர்வது நன்றாக இருக்கும். போட்டியில் அதே பேஸ் வெடிச்சத்தத்தை ஊதிப் பெரிதாக்கிக் காலடியை மூடிவிடும். காலடியின் உரசலும் ரீலோட் கிளிக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தெளிவாகத் தெரியும். பிளாக்‌ஷார்க்கில் வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், அபெக்ஸ், வார்ஸோன், ஃபோர்ட்நைட் என்று கேம்வாரியாக ஈக்யூ (எந்தத் தொனி எவ்வளவு உரக்க என்ற அமைப்பு) போட்டு ஹெட்செட்டுக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறார்கள், ஒரு பட்டனை அழுத்தி மாற்றலாம். வாலரண்ட் ஈக்யூவில் பாட்டு கேட்டால் தகரத்தில் தட்டுவது போல இருக்கும், அது பாட்டுக்கானது இல்லை. காலடி மட்டும் அப்படியே மேலே எழுந்து வரும்.

இப்போது பணம் உண்மையில் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் மூன்று இடம்: தலையில் உட்காரும் விதம், வயர் இல்லாமல் தாமதமும் இல்லாமல் இருப்பது, மைக். சத்தத்தின் தரம் நான்காவதுதான். அதற்கு மட்டும் என்றால் இதைவிடக் குறைந்த விலையில் இதைவிட நல்லது கிடைக்கும், கீழே சொல்கிறேன்.

கடையில் இரண்டு நிமிடம் மாட்டினால் எல்லா ஹெட்செட்டும் சுகமாகத்தான் இருக்கும். நான்காவது மணி நேரத்தில்தான் தெரியும். பிளாக்‌ஷார்க் 320 கிராம். லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் 2 345 கிராம். ஆடீஸ் மேக்ஸ்வெல் 490 கிராம். மேக்ஸ்வெல்லின் ஒலி நான் கேட்டதிலேயே ஆகச் சிறந்தது, 90 மில்லிமீட்டர் பிளேனார் டிரைவர் (தட்டையான சவ்வு அதிரும் ஸ்பீக்கர்), ஒரு அறைக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைந்து காட்டியது போல இருக்கும். ஆனால் அரை கிலோவைத் தலையில் வைத்து மே மாதத்தில் ஐந்து மேட்ச் ஆட என் கழுத்தால் முடியவில்லை. கண்ணாடி போடுபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். பக்கவாட்டு அழுத்தம் கூடினால் கண்ணாடிக் காம்பு காதுக்கு மேல் அப்படியே பதிந்துவிடும். கடையில் கேட்டு, கண்ணாடியோடு இருபது நிமிடம் போட்டு உட்காருங்கள், கூச்சப்படாதீர்கள். இருபதாயிரம் கொடுப்பவருக்கு அந்த இருபது நிமிடம் உரிமை.

வயர்லெஸ் என்றாலே தாமதம் என்று பயப்படுபவர்கள் ப்ளூடூத்தையும் டாங்கிளையும் (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) ஒன்றாக நினைக்கிறார்கள். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 150, 200 மில்லிசெகண்ட் பின்தங்கும். நம் கண் பார்த்துக் கை அசையும் நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் ப்ளூடூத்தில் போட்டி ஆடுவது ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவது மாதிரி. பிஜிஎம்ஐ என்ற போன் கேம் ஆடும் தம்பிகளுக்கும் இதேதான், போனில் வயர் போடுங்கள். கணினியில் யூ.எஸ்.பி. டாங்கிள் வழியாக வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் தாமதம் மிகக் குறைவு, எனக்கு வயருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். டாங்கிளை சிபியுவின் பின்னால் இருக்கும் நீல நிற யூ.எஸ்.பி. 3 ஓட்டையில் செருகாதீர்கள். யூ.எஸ்.பி. 3இலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும், பக்கத்தில் வைஃபை ரவுட்டரும் இருந்தால் சத்தம் விட்டு விட்டு வரும். ஒரு யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்தால் போதும். ஒரு நண்பன் ஹெட்செட்டே பழுது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான், எக்ஸ்டென்ஷன் வயரில் சரியாகிவிட்டது.

பேட்டரி 70 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நான் வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன், கேம் நடுவில் ஒருமுறைகூட அணைந்ததில்லை. லாஜிடெக்கில் 50 மணி நேரம், அதுவும் தாராளம்.

மைக்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் ஐந்து பேர் ஆட்டத்தில் நாம் கேட்டது பாதி, சொன்னது மீதி. என் பழைய மைக்கில் மேலே சுற்றும் ஃபேன், சமையலறைக் குக்கர் விசில், கூடத்து டிவி எல்லாம் டீமுக்குப் போகும். கிளட்ச் நேரத்தில் (அணியில் கடைசி ஒருவனாக நிற்கும்போது) “டேய், மைக்க மியூட் பண்ணு, உங்க வீட்டு சாம்பார்தான் கேக்குது” என்று திட்டு வாங்கியிருக்கிறேன். பிளாக்‌ஷார்க்கின் மைக் குரலைக் கனமாக, அகலமாக எடுக்கிறது, வழக்கமான வயர்லெஸ் மைக்கின் டெலிபோன் குரல் இல்லை. “மார்க்கெட் ஒண்ணு, அடி பட்டிருக்கு” என்று மெதுவாகச் சொன்னாலும் புரிகிறது என்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அப்பா தூங்கும் வீட்டில் கத்தாமல் ஆட முடிவது எனக்குப் பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. இதில் 3.5 மில்லிமீட்டர் வயர் ஓட்டை கிடையாது. பேட்டரி தீர்ந்தால் சார்ஜர் வயரைப் போட்டுத்தான் ஆட வேண்டும், பழைய போனில் நேராகச் செருக வழியில்லை. ஜி ப்ரோ எக்ஸ் 2இல் டாங்கிள், ப்ளூடூத், வயர் மூன்றும் உண்டு, ரெக்சின் குஷனோடு வெல்வெட் மாதிரித் துணிக் குஷனும் ஒரு ஜோடி பெட்டியிலேயே வரும். போட்டிகளுக்கு வெளியூர் போய் யாருடைய கணினியிலோ ஆடுபவர் என்றால் அதையே வாங்குங்கள் என்பேன். ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ் இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போடுவது, வெளிச் சத்தத்தை அடக்குவது, கேமும் போன் அழைப்பும் ஒரே நேரத்தில் கேட்பது என்று வசதி நிறைந்தது. ஆனால் வெளிவந்தபோதே 350 டாலர். அந்தக் கூடுதல் பணம் வசதிக்குத்தான் போகிறது, காலடிக்கு இல்லை.

வயர் இருந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு நான் ஹெட்செட்டே சொல்ல மாட்டேன். சென்ஹைசர் எச்டி 560எஸ், திறந்த முதுகு ஹெட்போன், 240 கிராம்தான், காதைச் சுற்றிக் காற்று போகும், தூரம் கணிப்பதில் என் ஹெட்செட்டை விட ஒரு படி மேல். தனியாக ஒரு யூ.எஸ்.பி. மைக் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது வெளிச் சத்தத்தை மறைக்காது, நம் சத்தத்தையும் வெளியே விடும். தனி அறை இருப்பவருக்குப் பொருந்தும், எங்கள் வீட்டில் சீரியல் நேரத்தில் முடியாது. பெரிய மேடைகளில் ஆடும் தொழில்முறை வீரர்களே காதுக்குள் சின்ன இயர்போனில்தான் கேம் சத்தம் கேட்கிறார்கள், மேலே போட்டிருக்கும் பெரிய ஹெட்செட் கூட்டத்தின் இரைச்சலை அடைக்கத்தான். அதனால் 2,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல ஐ.இ.எம். (காதுக்குள் செருகும் இயர்போன்) வாங்கி ஆடும் பையனைப் பார்த்துக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை, அவனுக்கு என்னைவிடத் துல்லியமாகவே கேட்கலாம்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கண்டிப்பாகக் கேளுங்கள், சீரியல் நம்பர் பில்லில் இருக்கட்டும். பில் இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்று என்னிடம் சொன்ன கடையிலிருந்து உடனே இறங்கிவிட்டேன். குஷன் தனியாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள். எட்டு மாதத்தில் என்னுடையது உரியவில்லை, மேலே துணிதான் என்பதால் வியர்வையை உறிஞ்சிக்கொள்கிறது. ஞாயிறு காலை ஈரத் துணியால் துடைத்து ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் கவிழ்த்து வைக்கிறேன்.