மானியப் பணத்த சென்னை எதுக்குக் கேக்கணும்: கடல் தண்ணிக்கா, ஏரிக்கா, பைப் ஓட்டைக்கா?

2019 ஜூன் மறக்கவே மாட்டேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு போய், ஊருக்கு 830 எம்எல்டி குடுத்துட்டு இருந்தது 525க்கு இறங்கிருச்சு (எம்எல்டின்னா ஒரு நாளைக்கு பத்து லட்சம் லிட்டர்). ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதே வாரத்துல எங்க தெரு முனை வால்வு தொட்டிக்குள்ள தண்ணி வழிஞ்சு ஓடிட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா அந்த தொட்டியில குனிஞ்சு டம்ளரால மொண்டு மொண்டு ஊத்தி ஒரு குடத்த ரொப்ப இருபது நிமிஷம் ஆச்சு, ரொம்பினப்புறம் துணியால வடிகட்டி எடுத்துட்டு போனாங்க. தண்ணிக்கு நிதி வருதுன்னு எப்ப பேச்சு வந்தாலும் எனக்கு அந்த குடம்தான் ஞாபகம் வருது.

முதல்ல பணம் எப்படி வருதுன்னு பாத்துரலாம். அம்ருத் 2.0ங்கறது ஊர்களோட தண்ணி, கழிவுநீர் வேலைக்கு மத்திய அரசு 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச திட்டம். அதுல 1 லட்சத்துக்குக் கீழ ஜனத்தொகை இருக்குற ஊருக்கு மத்திய அரசு செலவுல பாதிய குடுக்கும், 1 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் மூணுல ஒரு பங்கு, 10 லட்சத்துக்கு மேலன்னா வெறும் 25 சதவீதம். சென்னைக்கு அந்த 25தான். அதையும் 20, 40, 40ன்னு மூணு தவணையா பிரிச்சு, செலவு பண்ண கணக்கும் வேலை நடந்த ஆதாரமும் காட்டினாதான் அடுத்தது. மீதிய மாநிலமும் ஊரும் போடணும், இல்ல கடன் வாங்கணும். இவ்வளவு கொஞ்சமா வர்ற பணத்த எந்த வேலைக்குக் கேக்குறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

கடல் தண்ணிய குடிதண்ணியா மாத்துற பிளான்ட்டுக்கு வருவோம். மீஞ்சூர் 2010ல 100 எம்எல்டி, நெம்மேலி 2013ல 100, 2024ல நெம்மேலியிலயே இன்னொரு 150. பேரூர்ல 400 எம்எல்டிக்கு 2023 ஆகஸ்ட்ல அடிக்கல் நாட்டுனாங்க, 4,276 கோடி ரூபாய், ஜப்பான் அரசோட உதவி நிறுவனமான ஜைக்கா குடுக்குற கடன். இதோட பலத்த நான் குறைச்சு சொல்ல மாட்டேன், மழை பொய்ச்சாலும் கடல் வத்தாது, 2019லயும் அதுதான் தென்சென்னைய தாங்குச்சு. ஆனா ஒரு கிலோலிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் இழுக்கும், 400 எம்எல்டி முழுசா ஓடுனா ஒரு நாளைக்கே 12 லட்சத்துல இருந்து 16 லட்சம் யூனிட், அது வருஷம் பூரா நம்ம தலையில விழுற செலவு. அதோட இது சேமிப்பே கிடையாது, புதுசா தண்ணி உண்டாக்கி அதே ஓட்டை பைப்புல விடுறது. கடன் குடுக்க ஆள் வரிசையில நிக்கிற வேலைக்கு மானியத்த கேட்டு வீணாக்க வேண்டாம்.

ஏரிதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால இங்க கொஞ்சம் நீளமா பேசுறேன். பழைய நாலு ஏரியும் சேந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்கல்ல, அந்த வேகத்துல ஒரு நாள் பூரா ஓடுனா 2,500 மில்லியன் கன அடி, ஒரு நாளைக்கு 1,000 எம்எல்டின்னு வச்சா ஊருக்கே 70 நாள் தண்ணி. வருஷத்துக்கு சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுற ஊரு நாம, பெய்யுறத நிறுத்தி வைக்கத்தான் இடம் இல்ல. 2020ல தேர்வாய் கண்டிகைய திறந்தாங்க, 500 மில்லியன் கன அடி, அது ரொம்பினாலே 14 நாள் தாங்கும்.

ஆனா ஏரி சீரமைப்புன்னு பணம் வந்தா என்ன நடக்குதுன்னு நாம எல்லாரும் பாத்துட்டுதான் இருக்கோம். எங்க பக்கத்துல ஒரு ஏரிக்கு கரையில டைல்ஸ் போட்ட நடைபாதை, கம்பி வேலி, லைட்டு, பசங்க விளையாட இடம், எல்லாம் ஜோரா வந்துச்சு. ஏரிக்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக் கால்வாய் மட்டும் பின்னாடி தெருவுல ரெண்டு அடி அகலத்துல, பாதி மண்ணு பாதி சாக்கடையா அப்படியே இருக்கு. மழைக்கு தெருவுல முட்டி அளவு தண்ணி நிக்குது, ஏரி பாதிகூட ரொம்பல. கலங்கல் (ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வழியுற இடம்), மதகு, கால்வாய், சாக்கடைய திருப்புறது, இதெல்லாம் முடிச்சுட்டு மிச்சம் இருந்தா நடைபாதை போடட்டும், அதுதான் சரியான வரிசை.

இதுல இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்கல. மிக்ஜாம் புயல் நேரத்துல, 2023 டிசம்பர்ல, சென்னை வெள்ளத் தடுப்புக்கு தேசிய பேரிடர் தணிப்பு நிதியில இருந்து 561.29 கோடி திட்டம் ஒண்ணு ஒப்புதல் ஆச்சு, அதுல 500 கோடி மத்திய உதவி. கிட்டத்தட்ட 90 சதவீதம்! அதே ஏரி வேலைய அம்ருத்ல கேட்டா கால்வாசி, வெள்ளத் தடுப்புன்னு கேட்டா முக்காலுக்கு மேல. ஏரிய ஆழப்படுத்துறதும் கால்வாய திறக்குறதும் வெள்ளத்துக்கும் மருந்து வறட்சிக்கும் மருந்து, அப்ப பெரிய பை எங்க இருக்கோ அங்கதான் போய் நிக்கணும்.

கழிவுநீர சுத்தம் பண்றத சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அது ஓரளவு சொந்த கால்ல நிக்கிற வேலை. கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் 2019ல தலா 45 எம்எல்டி பிளான்ட் வந்துச்சு, ஆர்ஓ வரைக்கும் சுத்தம் பண்ணி கம்பெனிகளுக்கு விக்கிறாங்க. வாங்குறவன் காசு குடுக்குறான், அதனால தனியார் பங்கும் வரும். அம்ருத்லயே பெரிய ஊருங்க ஒதுக்கீட்டுல குறைஞ்சது 10 சதவீதம் தனியாரோட சேந்து செய்யணும்னு கட்டாயம் இருக்கு, அந்த 10ஐ இதுல காட்டிடலாம். மாடி மழைநீர் விஷயம் 2003லயே கட்டாயமாயிருச்சு, ஆயிரம் சதுர அடி மாடியில வருஷத்துக்கு 1.3 லட்சம் லிட்டர் விழும், அதுக்கு பெரிய நிதியே வேண்டாம், அடைஞ்சு போன குழிய தூர் வார வச்சா போதும்.

இப்ப பைப் ஓட்டை. இதுக்குத்தான் திறப்பு விழாவும் இல்ல, போட்டோவும் இல்ல. ஆனா கணக்க பாருங்க, 1,000 எம்எல்டி அனுப்புற ஊர்ல, அனுப்புறதுல 10 சதவீதம் அளவுக்கு வழியில ஒழுகுறத அடைச்சாலே 100 எம்எல்டி, அதாவது ஒரு மீஞ்சூர் பிளான்ட், அதுவும் உப்பு எடுக்குற கரண்ட் செலவே இல்லாம. அதோட நமக்கு தண்ணி நாள் பூரா வர்றதில்ல, விட்டு விட்டுதான் வருது, பைப் காலியா இருக்குற நேரத்துல அதே ஓட்டை வழியா பக்கத்து சாக்கடைய உள்ள இழுத்துக்கும், அடுத்த நாள் முதல் குடத்துல வர்ற நாத்தம் அதுதான். கணக்குல வராம போற தண்ணிய 20 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வரணும்னு அம்ருத் 2.0 இலக்கே வச்சிருக்கு, அதனால இந்த வேலைக்கு கேட்டா மறுக்குறது கஷ்டம். என் ஓட்டு கண்ண மூடிட்டு இதுக்குத்தான்.

எதிர்ப்பு வர்ற இடமும் தெரியும். ஓட்டைய கண்டுபிடிக்க மீட்டர் வேணும், சென்னையில பெரும்பாலான வீட்டுக்கு மீட்டர் இல்ல, மீட்டர்னு சொன்னாலே பில் ஏறிடும்னு ஜனங்களுக்கு பயம், ஒரே அடி பம்புல ஆறு குடும்பம் அடிக்கிற வீட்டுக்கு அந்த பயம் நியாயமானதுதான். அதனால விண்ணப்பத்துல முதல்ல ஏரியாவுக்கு ஒரு மீட்டர், தெருவுக்குள்ள நுழையுற பைப்புக்கு ஒரு மீட்டர்னு கேக்கட்டும். உள்ள எவ்வளவு போச்சு, எந்த தெருவுல காணாம போச்சுன்னு அதுலயே தெரிஞ்சுரும், அந்த தெருவ மட்டும் தோண்டுனா போதும். வீட்டு மீட்டர முதல்ல ஹோட்டல், ஆபீஸ், பெரிய அபார்ட்மென்ட்டுல இருந்து ஆரம்பிக்கலாம், அடி பம்பு வீட்டுக்கு வர்றதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகட்டும்.