பெயர் அட்டையில் சறுக்கும் ஒரு நல்ல மீன் கடை

தென்சென்னையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடையில் சரக்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. செவுள் சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் சதை உடனே மீள்கிறது, எடை போட்ட பிறகு நம் கண்ணெதிரிலேயே வெட்டுகிறார்கள். வறுவலுக்கு என்று சொல்லிவிட்டால் துண்டுகள் ஒரே கனத்தில் விழுகின்றன. குறையெல்லாம் தட்டுகளில் செருகியிருக்கும் பெயர் அட்டைகளில்தான்.

'ஷீலா' என்ற அட்டையின் கீழ், கீழ்த்தாடை துருத்திய, செதில் தெளிவாகத் தெரியும் நீள மீன் கிடக்கிறது. சென்னை வழக்குப்படி அது சரியே. ஆனால் தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்தவருக்குச் சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்று அழைக்கும் மீன். சென்னையின் ஷீலா அவர்களுக்கு ஊளி. நேரில் வருபவர் கண்ணால் பார்த்துத் தெளிந்துகொள்வார். தொலைபேசியில் 'சீலா ஒரு கிலோ, துண்டு போட்டு' என்று சொல்லும் தென்மாவட்டத்துக்காரருக்கு வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் வேறு மீன் வந்திருப்பது தெரியும். வஞ்சிரத்தின் மலையாளப் பெயரான நெய்மீனையும், யாழ்ப்பாணத்தார் சொல்லும் அறக்குளாவையும் சேர்த்து ஒரே அட்டையில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வஞ்சிர அட்டையில் 'சீர் ஃபிஷ்' என்றும் எழுதியிருக்கிறார்கள். சீர்வரிசையில் வைக்கத்தக்க மீன் என்பதால் வந்த பெயர் அது என்று ஊழியர் ஒருவர் விளக்கினார். வியாபாரத்துக்கு உகந்த விளக்கம்தான். ஆனால் அந்த ஆங்கிலப் பெயர் 'இரம்பம்' எனப் பொருள்படும் 'செர்ரா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. முதுகுத் துடுப்பிலிருந்து வால்வரை வரிசையாக நிற்கும் குறுந்துடுப்புகளைப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் வியப்பளிக்காது.

விலையிலும் ஒரு சிக்கல் உண்டு. உடலில் குறுக்குக் கோடுகள் கொண்டு, இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இனமும், ஒரு மீட்டரைக்கூட எட்டாத புள்ளி இனமும் இங்கே வஞ்சிரம் என்ற ஒரே பெயரில், ஒரே விலைக்கு விற்கப்படுகின்றன. அகலமான துண்டை எதிர்பார்ப்பவர், வெட்டுவதற்கு முன்பே முழு மீனைக் காட்டச் சொல்லி, கோடா புள்ளியா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள்.